மறதிக்குக் கால் மரத்துப்போகுமா?

கதக்,
கார் பௌர்ணமிக்கு மறுநாள்.

அன்பு மகள் சுனந்தாவுக்கு அவ்வா ஆசியுடன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன் ஈரண்ணா, அண்ணி மகானந்தா, பேத்தி சிஞ்சனா எல்லாரும் நலம். நலம் என்று எழுதுவது கடிதத்துக்குப் பொட்டு வைப்பது போல ஒரு வழக்கம், ஆனால் இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை தேஜஸும் எப்படி இருக்கிறீர்கள்? நார்வேயில் இந்த மாதம் இருட்டவே இருட்டாதாமே, சிஞ்சனா படித்துச் சொன்னாள், குழந்தையை எப்படித் தூங்க வைக்கிறாய், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போடு. இங்கே மழை சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது, பாசிப்பயறு விதைத்தவர்கள் எல்லாரும் சிரித்த முகமாக நடக்கிறார்கள். போன் இருக்கும்போது அவ்வா ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ அழ ஆரம்பிக்கிறாய், நீ அழுதால் நான் கத்துகிறேன், அதற்குள் தேஜஸ் வந்து பிடுங்கிக்கொண்டு தன் பொம்மை லாரியைக் காட்டுகிறான், ஒன்றும் சொல்லி முடிவதில்லை. அதோடு டாக்டரம்மா தினமும் ஒரு பக்கமாவது கையால் எழுது என்று சொல்லியிருக்கிறாள். நாலு நாளாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அது மூக்குக்கண்ணாடியின் தப்பு, என் தப்பு இல்லை.

போன வாரம் ஈரண்ணா வாய்தவறிச் சொல்லிவிட்டான், நீ வேலையை விடுவதற்குக் கடிதம் எழுதித் தயாராக வைத்திருக்கிறாயாம், அவ்வாவைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடப் போகிறாயாம். அந்தக் கடிதத்தைக் கொடுக்காதே, கொடுத்திருந்தால் திரும்ப வாங்கு. நான் தேறிவிட்டதை நீங்கள் அண்ணன் தங்கை இரண்டு பேரும் இன்னும் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும், அணையப் போகிற விளக்கு ஒருமுறை சுடர்விட்டு எரியுமே, அப்படி நினைக்கிறீர்கள். அதனால்தான் நடந்ததை முதலிலிருந்து முடிவுவரை ஒரே கோவையாக எழுதுகிறேன். இதில் பாதி எனக்கே ஞாபகம் இருப்பது, மீதி மகானந்தாவும் சமையல்கட்டில் என்னோடு இருக்கிற காசவ்வாவும் சொன்னது. எது யார் சொன்னது என்று அங்கங்கே குறித்துவிடுகிறேன், பொய் கலக்க மாட்டேன்.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் நம் சாப்பாட்டுக்கடையை, இந்தக் கானாவளியை ஆரம்பித்து இருபத்தாறு வருஷம், தினமும் எண்பது பேருக்கு ரொட்டி போட்ட கை இது. சாப்பிட வருகிறவர்களுடைய பெயர் ஊர் எல்லாம் எனக்கு அப்புறம்தான், யாருக்கு மெத்து ரொட்டி, யாருக்கு மொறுமொறு ரொட்டி, யாருக்குக் கத்திரிக்காயில் காரம் ஆகாது என்று அவரவர் நாக்கை வைத்துத்தான் ஆளையே அடையாளம் வைத்திருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் வக்கீல் ஹொசமனி வந்து உட்கார்ந்தார், நான் போய், என்ன போடட்டும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "என்னவ்வா, பதினஞ்சு வருஷமா தின்னுட்டு இருக்கேன், இன்னிக்குப் புதுசா கேக்கறே? கட்சிக்காரன் மாதிரி தெரியுதா என் மூஞ்சி?" என்றார். நானா விடுவேன், "வக்கீலுக்கு ஒரு கேள்விக்காவது நேரா பதில் சொல்ல வருதான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டேன், எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே போய் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனுஷரின் பெயரும் வரவில்லை, அவர் ரொட்டியும் வரவில்லை. இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பயந்தேன், அன்றைக்குத்தான் மறைக்கவும் ஆரம்பித்தேன். எல்லாரையும் தம்பி என்று கூப்பிட்டால் பெயர் தேவையில்லை. கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் கோபப்பட்டால் போதும், யாரும் மறுபடி கேட்பதில்லை. பருப்பில் உப்பை இரண்டு தடவை போட்டபோது காசவ்வா ருசி பார்த்துவிட்டு, "அக்கா, இன்னிக்குப் பருப்பு கார்வார் கடல்ல வெளைஞ்சதா?" என்றாள், அவளை நான் திட்டிய திட்டில் அவள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

நாக்கு எரிந்துகொண்டே இருந்தது, மிளகாய்ப் புகை என்று நினைத்தேன். கால் பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருந்தது, நின்று நின்று வேலை செய்கிற கால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை என்று முனையில் இருக்கிற மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கினேன். உடம்பு அரிப்பும் சளியும் என்று இன்னொரு மாத்திரை, அது நன்றாகத் தூங்க வைத்தது, அதனால் அதையும் விடவில்லை. சர்க்கரைக்கு ஒன்பது வருஷமாக ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஆறு வருஷமாகக் காலையில் எழுந்ததும் ஒன்று. எல்லாம் ஒரு துணிப்பையில் கிடக்கும், ஒன்றுக்கொன்று துணை.

போன கார்த்திகையில் கத்திரிக்காய் வாங்கச் சந்தைக்குப் போனவள் வேறு பக்கமாக வெளியே வந்துவிட்டேன். முப்பது வருஷம் நடந்த தெரு, சுனந்தா, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது, எந்தப் பக்கம் திரும்பினாலும் எவனோ தெருவை மாற்றி வைத்த மாதிரி. ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். வெந்தயக்கீரை விற்கிற பெண் வந்து, "எந்த வீடும்மா உங்களது?" என்று கேட்டதற்கு முண்டரகியில் என் அப்பா வீட்டுப் பெயரைச் சொன்னேனாம், நான் கல்யாணமாகி வெளியே வந்த வீடு. நம்மிடம் சாப்பிடுகிற கோர்ட்டு பியூன் ஒருவர் பார்த்து, சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து வீட்டில் கொண்டுவிட்டார். அடுத்த வாரம் அடுப்பைப் பற்றவைக்காமல் கேஸை மட்டும் திறந்துவிட்டுப் பூ கட்ட உட்கார்ந்திருக்கிறேன், காசவ்வா மூக்குதான் எல்லாரையும் காப்பாற்றியது. மறுநாள் ஈரண்ணா கானாவளிக்குப் பூட்டுப் போட்டான். ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய்த் தலையைப் படமும் எடுத்தான், அவர் படத்தைப் பார்த்து, "வயசு அறுபத்தேழு, மூளை கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும், பாத்துக்குங்க" என்றாராம். அவ்வளவுதான், பாத்துக்குங்க. உன் அண்ணன் கெட்டவன் இல்லை, அவனுடைய குணம் உனக்குத் தெரியும், பரீட்சை எழுதி முடித்தவுடனே பெயில்தான் என்று அழுகிறவன். கானாவளியை வேறொருவருக்கு வாடகைக்கு விடப் பத்திரம் எழுத ஏற்பாடு செய்துவிட்டான், உனக்குப் போன் செய்து அழுதான், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் காது கேட்கவே, "அவ்வா குழந்தையா ஆயிட்டாங்க" என்றான். என்னென்னமோ மறந்தேன், அந்த வார்த்தை மட்டும் மறக்கவில்லை பார்.

இனி மகானந்தாவைப் பற்றி எழுத வேண்டும், எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ரவிக்கை தைத்துக்கொண்டே இருக்கிறாள், அடுப்பங்கரைக்கு வருவதில்லை என்று ஊசிக்காரி ஊசிக்காரி என்று நான் எத்தனை கேலி செய்திருக்கிறேன், நீயும் கேட்டிருக்கிறாய். தை மாதக் குளிரில் ஒரு காலை கொல்லையில் வெந்நீர் அடுப்பில் இருந்து ஒரு கங்கு தெறித்து விழுந்திருக்கிறது, நான் அதன் மேல் கால் வைத்து நின்றுகொண்டிருந்தேனாம். நின்றுகொண்டு கொடியில் துணி போடுகிறேன். வாசனை வந்து மகானந்தா ஓடிவந்து என்னை இழுத்தாள், நான் அவளிடம், "ஏண்டி இழுக்கறே, துணி கீழ விழுதே" என்று கேட்டேனாம். உள்ளங்காலில் எலுமிச்சம்பழம் அளவு கொப்புளம். அவள் மருந்து போட்டுக்கொண்டே என் காலை ஊசி முனையால் இங்கேயும் அங்கேயும் தொட்டுப் பார்த்திருக்கிறாள், தைக்கிற ஊசிதான், குத்துதா குத்துதா என்று கேட்டிருக்கிறாள், முழங்காலுக்குக் கீழே நான் வாயே திறக்கவில்லையாம்.

அன்று சாயங்காலம் ஈரண்ணா ஹுப்ளியிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கேட்டாள், "ஏங்க, மறதி வந்தா காலு மரத்துப்போகுமா?" அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வயசானா எல்லாம்தான் போகும். நீ என்ன டாக்டரா?" என்றான். "டாக்டர் இல்ல, தையக்காரி. ஒரே சட்டையில ரெண்டு எடத்துல பிரிஞ்சு வந்தா துணிய குத்தம் சொல்லக் கூடாது, நூலப் பாக்கணும். தலையிலயும் பிரியுது, கால்லயும் பிரியுது, நாக்கைப் பாத்தீங்களா, தோலுரிச்ச தக்காளி மாதிரி செவசெவன்னு இருக்கு. ஏதோ ஒரு நூலு கெட்டிருக்கு" என்றாள். அவன், "எங்கேயும் இழுத்துக்கிட்டு அலைய வேண்டாம், இருக்கிற கொஞ்ச நாளாவது நிம்மதியா இருக்கட்டும்" என்று சொல்லப்போக, வந்ததே அவளுக்குக் கோபம். "இருக்கிற கொஞ்ச நாளா? நேத்து ஏழு ரொட்டி தட்டினாங்க, ஒண்ணுகூட ஓரம் கிழியல. போகப்போற கையா அது? உங்களுக்கு அழறது சுலபமா இருக்கு, அழுதுட்டு உக்காருங்க. நாளைக்கு நான் அத்தைய ஹுப்ளிக்குக் கூட்டிட்டுப் போறேன், கடை ரவிக்கையெல்லாம் நாளன்னிக்கு." இந்தச் சண்டையைச் சிஞ்சனா இன்றும் நடித்துக் காட்டுகிறாள், அப்பா மாதிரி செருப்போடு நிற்பாள், அம்மா மாதிரி இடுப்பில் கை வைப்பாள்.

ஹுப்ளியில் அந்த டாக்டரம்மா சுமங்கலா ஹிரேமட், நம் பக்கத்துப் பெண்தான், பேச்சில் நயம் கிடையாது, எனக்குப் பிடித்துப்போனது. மகானந்தா துணிப்பையை மேஜையில் கவிழ்த்தாள். டாக்டரம்மா ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார்த்து ஒரு ஓரமாக அடுக்கினாளாம், தூக்க மாத்திரையையும் அரிப்பு மாத்திரையையும் மட்டும் தனியே தள்ளிவைத்து, "இத யாரு எழுதிக் குடுத்தாங்க?" என்றாள். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்றதும், "மருந்துக்கடைக்காரர் பெரிய டாக்டர்போல" என்றாள். பிறகு நாக்கை நீட்டச் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னாள், நான் சாய்ந்தே போனேன். காதும் சோதித்தாள். மகானந்தா தயங்கித் தயங்கி அந்தப் பெரிய மறதி வியாதியின் பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை மகானந்தா வரி பிசகாமல் எனக்குச் சொல்லியிருக்கிறாள். "அந்தப் பேர கடைசியாத்தான் சொல்லணும். முதல்ல மத்ததெல்லாம் பாக்கணும். ரத்தத்துல பி-பன்னிரண்டு சத்து கொறைஞ்சா மறக்கும். தைராய்டு கொறைஞ்சா மறக்கும். தூக்க மாத்திர, அரிப்பு மாத்திர வயசானவங்க மூளைய மந்தமாக்கிடும். மனசு ஒடிஞ்சு கெடந்தா மறக்கும், குடிச்சா மறக்கும், தலையில அடிபட்டு உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சா மறக்கும். காது கேக்காதவங்கள மறதிக்காரங்கன்னு நாமளே முடிவு கட்டிடறோம். இதுல பாதிக்கு மேல சரி பண்ணலாம், பண்ண முடியாதும் இருக்கு. எதுன்னு தெரியாம அழாதீங்க." அதன் பிறகு என்னைப் பார்த்து, கறி முட்டை இல்லை, லிங்காயத்து வீடு, சரி, பால் தயிர் எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். மகானந்தா, "ஒத்துக்கலன்னு அஞ்சு வருஷமா தொடறதில்ல" என்றாள். அப்போது நான் வாயைத் திறந்து, ஒத்துக்காமல் இல்லை, வேண்டுதல் என்றேன். அது எனக்கே ஞாபகம் இருக்கிறது, தண்ணீர் பட்ட போட்டோ மாதிரி, ஆனால் இருக்கிறது.

இதை உனக்குச் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். பொய் கலக்க மாட்டேன் என்று மேலே எழுதிவிட்டேனே. நீ தேஜஸைப் பெறும்போது இரண்டு நாள் வலியில் கிடந்தாயே, மாப்பிள்ளை போன் எடுக்கவே இல்லை, நான் வீரபத்திரன் கோயிலில் போய் நின்று, என் பெண்ணும் பிள்ளையும் பிழைத்தால் இனி பால் தயிர் மோர் நெய் எதுவும் என் நாக்கில் படாது என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது நீ அழக் கூடாது. பால் மட்டும் நிறுத்தினதால் வந்தது இல்லை, சர்க்கரை மாத்திரையும் எரிச்சல் மாத்திரையும் வருஷக்கணக்காகச் சேர்ந்து, சாப்பிடுகிற கொஞ்ச நஞ்சத்தில் இருக்கிற சத்தையும் உடம்பில் ஒட்டவிடாமல் செய்ததாம், மேலே இருந்த பாரத்தில் தூக்க மாத்திரை கடைசிக் கல். இதில் உன் பங்கு ஒன்றுமே கிடையாது, உன்னைக் கேட்டா நான் விட்டேன்? டாக்டரம்மா, "சாமி புள்ளையக் காப்பாத்தினாரு, சரி. உங்கள யாரு காப்பாத்தறதுன்னு இப்ப என்னக் கேக்கறாரு" என்றாள். ஊருக்கு வந்ததும் மகானந்தா மடத்து ஐயாவிடம் கூட்டிப்போனாள். அவர் கேட்டுவிட்டு, "புள்ள பொறந்து அஞ்சு வருஷம் ஆச்சு, நீ மட்டும் இன்னும் பிரசவ அறைக்கு வெளியிலயே நிக்கறியே தாயே. போதும், வீட்டுக்குப் போ" என்று சொல்லி ஒரு டம்ளர் மோரைக் கையில் கொடுத்தார். அந்த மோரின் ருசி என்னவோ எனக்கு ஞாபகம் இல்லை, குடித்தேன் என்று சொல்கிறார்கள்.

ரத்தம் பார்த்ததில் அந்தச் சத்து இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை, தைராய்டு சரியாக இருந்தது, தலைப் படத்தை மறுபடி பார்த்துவிட்டு வயசுக்கு ஏற்ற தலைதான் என்றாளாம். முதலில் தினம் ஒரு ஊசி, பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. தூக்க மாத்திரையைப் பட்டென்று நிறுத்தக் கூடாது என்று கால் கால் பாகமாகக் குறைத்தாள், மகானந்தா பிளேடால் நறுக்கித் தருவாள். அரிப்பு மாத்திரையை அன்றைக்கே குப்பையில் போட்டாள். மந்திரம் போட்ட மாதிரி ஒன்றும் நடக்கவில்லை, முதல் இரண்டு வாரம் எந்த மாற்றமும் இல்லை, ஈரண்ணா ஜாடையாகச் சிரித்துக்கொண்டிருந்தானாம். மாசி மாதம் ஒரு காலை, காசவ்வா என்னைப் பார்க்க வந்தவள் சும்மா இருக்க முடியாமல் மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள், நான் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "காசவ்வா, தண்ணி கொதிக்கறதுக்கு முந்தியே மாவுல ஊத்தினியா, உன் புத்தி எங்க மேயப் போச்சு, தொட்டாலே விண்டு போகுதே" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தால் காசவ்வா மாவுக் கையோடு அழுகிறாள், மகானந்தா வாசல்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். இரண்டு மாதமாக நான் காசவ்வாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லையாம். "இன்னும் திட்டுக்கா, இன்னும் ரெண்டு திட்டு" என்றாள் அந்தப் பைத்தியக்காரி.

எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே, யாருக்காவது சொன்னால் அதையும் சேர்த்துச் சொல். எனக்கு ஊசி போட்ட அதே நாட்களில் டாக்டரம்மாவிடம் நில அளவைத் துறையில் வேலை பார்த்த ஒருவர் மனைவியோடு வருவார், பெரிய மனுஷர், வெள்ளை வேட்டியில் ஒரு மடிப்புக் கலையாது. அவருக்கும் ரத்தம், தைராய்டு, படம் எல்லாம் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது என்று கேட்டு ஒரு பொம்பளை அழுததை அங்கேதான் பார்த்தேன். அவருக்கு அந்தப் பெரிய வியாதியேதான். மெல்ல ஓட்டலாம், திருப்ப முடியாது என்று டாக்டரம்மா நேராகச் சொல்லிவிட்டாளாம். போன வாரம் போயிருந்தேன், அவர் மனைவி சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு என்னய ரெண்டு தடவ பொண்ணு பாத்துட்டாருக்கா, ரெண்டு தடவையும் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டாரு" என்றாள். அவள் தைரியம் எனக்கு வருமா தெரியாது. நான் தப்பித்தவள், அவ்வளவுதான், கெட்டிக்காரி இல்லை.

தப்பித்ததிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். உன் கங்கா பெரியம்மா போனது எனக்குத் தெரியாது, சுனந்தா. பங்குனியில் ஒருநாள், அக்கா ஏன் போனே செய்யவில்லை, அவளுக்கு என்ன கொழுப்பு என்று கேட்டேன். வீட்டில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தை மாதம் ஐந்தாம் தேதியே போய்விட்டாளாம். நான் முண்டரகிக்குப் போயிருக்கிறேன், அவள் தலைமாட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க அவள் முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேனாம், யாரையும் தொடவிடவில்லையாம், விபூதி நானே பூசினேனாம். எனக்கு ஒன்றும் இல்லை, வெறும் சுவர். டாக்டரம்மாவைக் கேட்டேன், "பதிவே ஆகாதது திரும்பி வராது அம்மா, இனிமே நடக்கறது நிக்கும்" என்றாள். நான் என் அக்காவுக்காகப் பங்குனியில், எல்லாரும் அழுது முடித்த பிறகு, தனியாக அழுதேன். அக்கா போன அந்த நாளில் நீ போன் செய்தாயாம், நான் உன்னைக் கங்கக்கா என்று கூப்பிட்டுக் கால் மணி நேரம் பேசினேனாம், நீயும் அவள் மாதிரியே பதில் சொன்னதாகப் பிறகு மகானந்தாவிடம் சொன்னாயாம். மகானந்தா தள்ளி நின்றதால் அவளுக்குக் கங்கக்கா என்றது தவிர ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நான் என் அக்காவிடம் கடைசியாக என்ன பேசினேன் என்று இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். அதை எனக்கு எழுது. திட்டியிருந்தாலும் எழுது, அசட்டுத்தனமாக இருந்தாலும் எழுது, எனக்காக எதையும் சரிசெய்யாதே. அவள் பெயரில் நீ என்ன பதில் சொன்னாய் என்பதையும் எழுது.

வாடகைப் பத்திரம் எழுதவில்லை, சித்திரையில் பசவ ஜயந்தி அன்றைக்குக் கானாவளி திறந்தாகிவிட்டது. பழைய மாதிரி இல்லை, நான் ஒன்றும் பிடிவாதம் பிடிக்கவில்லை. கேஸ் அடுப்பு முழுக்கக் காசவ்வா பொறுப்பு, எண்பது பேர் இல்லை, நாற்பது பேர்தான். ரொட்டிக் கல் மட்டும் என்னுடையது. புதுப் பெயர்கள் இன்னும் சட்டென்று நிற்பதில்லை, சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி எழுதி வைத்திருக்கிறேன், வக்கீல் ஹொசமனி அதைப் பார்த்து, "என் பேரு மேல, ரொட்டி கீழ, கேஸு லிஸ்ட்டு மாதிரி இருக்கே" என்றார், பலகையைப் பார்க்காமலே அவருக்கு மொறுமொறு ரொட்டி என்று சொன்னேன், மனுஷர் எழுந்து நின்று கும்பிட்டார். கால் முழுக்கத் திரும்பவில்லை, திரும்பாமலும் போகலாமாம், கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறேன், தெருவில் பிள்ளைகள், அவ்வா ஓட்டப்பந்தயத்துக்குப் போறாங்க என்கிறார்கள். மகானந்தாவுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை, வாய் வரவில்லை. அவள் ரவிக்கை தைக்கிற இடத்துக்குத் தினமும் சூடாக இரண்டு ரொட்டி வெண்ணெய் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அவளும் ஒன்றும் கேட்காமல் சாப்பிடுகிறாள். நீ போனில் பேசும்போது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்.

அதனால் மகளே, நீ வேலையை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் உன்னை என்ன செய்வேன்? ரொட்டி தட்டவும் உனக்கு வராது. அந்த ஊரில் குடிதண்ணீர்க் குழாய்க்கு நீ படம் போடுகிறாய் என்று நான் சந்தையில் எல்லாரிடமும் பெருமையடித்து வைத்திருக்கிறேன், அதைக் கெடுக்காதே. நாளைக்கு வேறு ஏதாவது வியாதி வந்தால்? வரட்டும், வந்தால் பார்த்துக்கொள்வோம், இந்த வீட்டில் நூலைப் பார்க்கத் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள். நீ ஒன்று செய், உனக்கும் இரவில் கால் விரல் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்று போன வருஷம் சொன்னாயே, அங்கேயும் சைவம்தான் சாப்பிடுகிறாய், இந்த வாரமே ரத்தம் கொடுத்து அந்தப் பி-பன்னிரண்டைப் பார். தானாக எந்த மாத்திரையும் வாங்கிப் போடாதே, போடுவதைத் தானாக நிறுத்தவும் செய்யாதே. வயிறு எரிந்தால் காரத்தைக் குறை.

தேஜஸுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு ஆசிகள், அவருக்கு நான் தேறிவிட்டேன் என்று நீ சொல்ல வேண்டாம், இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு. வீரபத்திரன் உங்கள் மூன்று பேரையும் குறையில்லாமல் வைக்கட்டும், போன காரியம் எல்லாம் கைகூடட்டும். ஆவணியில் நாகபஞ்சமி வருகிறது, ஊஞ்சல் கட்டப் புளியமரத்துக் கிளையை ஈரண்ணா இப்போதே பார்த்து வைத்திருக்கிறான். பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் பண்டிகைக்கு வருகிற பெண்ணாக வா. எள்ளுருண்டை, கடலையுருண்டை, அவலுருண்டை மூன்றும் நானே பிடிப்பேன். வேலையை விட்டுவிட்டு வருகிறவளுக்கு ஒரு உருண்டையும் கிடையாது.

இப்படிக்கு,
உன் அவ்வா
நீலகங்கவ்வா